கைக்கு எண்ணிக்கை, கயிற்றுக்கு வேகம்

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எனக்கு ஒரு மார்க் போனது. கேள்வி இதுதான்: ஓர் ஒலிமூலத்தின் அதிர்வெண்ணை, அதாவது அது விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற எண்ணிக்கையை, இரண்டு மடங்காக்கினால் காற்றில் ஒலியின் வேகம் என்னவாகும்? நான் யோசிக்கவே இல்லை. வேகம் = அதிர்வெண் × அலைநீளம் (ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்). ஒரு பக்கம் இரண்டு மடங்கானால் மறுபக்கமும் இரண்டு மடங்கு, கணக்கு சரி, அடுத்த கேள்வி. விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஏன் தப்பு என்று கேட்டதற்கு, "வேகம் மாறாது, புத்தகத்தைப் பார்" என்று பதில் வந்தது. பார்த்தேன். புத்தகத்திலும் வேகம் மாறாது என்றுதான் போட்டிருந்தது, ஏன் என்று போடவில்லை. மனப்பாடம் செய்துகொண்டேன், அடுத்த தேர்வில் அந்த மார்க் கிடைத்தது. விஷயம் புரிந்தது என்னவோ இருபது வருடம் கழித்து, மொட்டை மாடியில், துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான்.

கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்தது. மறுமுனை எதிர்ச்சுவர்க் கொக்கியில் இறுக்கமாக இருந்தது, நடுவே சுமார் எட்டு மீட்டர். திரும்பக் கட்டுவதற்கு முன் சும்மா ஒரு தடவை மேலே உதறினேன். ஒரு மேடு எழுந்து கயிற்றின் மேல் ஓடிப் போய், கொக்கியில் முட்டி, திரும்பி வந்து என் விரலைத் தட்டியது. போகும்போது மேடாக இருந்தது வரும்போது பள்ளமாக, தலைகீழாக இருந்தது. சரி, இது என்ன கூத்து என்று மறுபடி உதறினேன். அன்றைக்குத் துணி காயப்போடவே இல்லை.

முதலில் பார்க்க நினைத்தது அந்தப் பழைய கேள்வியைத்தான். கையைச் சட்டென்று உதறினால் மேடு வேகமாகப் போகுமா? போகவில்லை. சட்டென்று உதறினால் குட்டையான, ஒடுங்கிய மேடு. மெதுவாக உதறினால் அகலமான மேடு. இரண்டும் கொக்கிக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றே. பலமாக உதறினால் உயரமான மேடு கிடைத்தது, நேரம் அப்போதும் அதேதான். எனக்கு ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது, ஏனென்றால் பந்து எறிந்து பழகிய கை இது, வேகமாக வீசினால் வேகமாகப் போகும் என்றுதான் அதற்குத் தெரியும். கடைசியில் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு உதறினேன். அப்போதுதான் மேடு பறந்தது.

ஒரு துணிக் கிளிப்பை எடுத்துக் கயிற்றின் நடுவில் மாட்டினேன். மேடு வரும், கிளிப் மேலே எழும், கீழே இறங்கும், இருந்த இடத்திலேயே நிற்கும். மேடு அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். கயிற்றின் ஒரு நூல்கூட என் கையில் இருந்து கொக்கிக்குப் போகவில்லை. போனது என் கையின் ஓர் உதறல். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை இழுத்து, அது அடுத்ததை இழுத்து, இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது. பக்கத்து ஆளிடம் கைமாற்றிவிட எவ்வளவு நேரம் ஆகும் என்பது கயிறு எவ்வளவு இறுக்கம், எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்த விஷயம், என் கைக்கு அதில் பேச்சே இல்லை. இழுவிசையை நீளத்துக்கான நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். இழுவிசையை நாலு மடங்காக்கினால்தான் வேகம் இரண்டு மடங்காகும். அந்தச் சூத்திரத்தில் அதிர்வெண்ணும் இல்லை, வீச்சும், அதாவது மேட்டின் உயரமும், இல்லை.

ஆக, அந்த மூன்றெழுத்துச் சமன்பாட்டில் இருக்கும் மூன்று பேரும் சமமானவர்கள் இல்லை. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஆட்டுகிற கை, அதாவது மூலம். வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகம், அதாவது அலை ஓடுகிற பொருள். அலைநீளத்துக்குச் சொந்தப் புத்தி கிடையாது, இவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு மிஞ்சுவது அது. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் அலைநீளம் பாதியாகும், கதை முடிந்தது. சமன்பாடு என்றாலே எல்லா எழுத்தும் எல்லா எழுத்தையும் அசைக்கும் என்று நினைத்துத்தான் அந்த மார்க்கை விட்டேன். எது எதற்குக் கட்டுப்பட்டது என்பதைச் சமன்பாடு சொல்லாது, கயிறு சொன்னது.

தலைகீழாகத் திரும்பியதற்கும் காரணம் எளிது. மேடு கொக்கிக்கு வரும்போது கொக்கியை மேலே இழுக்கிறது. கொக்கி அசைய மாட்டேன் என்கிறது, அதே பலத்தோடு கயிற்றைக் கீழே இழுக்கிறது. அந்தக் கீழ் இழுப்புதான் பள்ளமாகக் கிளம்பி வருகிறது. முனை கட்டப்படாமல் மேலும் கீழும் தாராளமாக நழுவும்படி இருந்தால், மேடு மேடாகவே திரும்பும்.

இப்போது காற்றுக்கு வருவோம். ஒலி காற்றில் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, 0 டிகிரியில் 331 மீட்டர். வெப்பத்தில் காற்றின் மூலக்கூறுகள் வேகமாக அலைகின்றன, தகவலைக் கைமாற்றுவதும் அதனால் வேகமாகிறது. கத்தினாலும் கிசுகிசுத்தாலும் அதே 343 தான். இது நல்லவேளை என்று சொல்ல வேண்டும். உச்ச ஸ்வரம் வேகமாகவும் கீழ் ஸ்வரம் மெதுவாகவும் வந்தால் கச்சேரியில் கடைசி வரிசைக்காரருக்கு வேறு ஒரு பாட்டு கேட்கும். கயிற்றில் அலை மேலும் கீழும் ஆடிக்கொண்டு முன்னே போனது, குறுக்கலை. காற்றில் மூலக்கூறுகள் அலை போகிற திசையிலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன, நெருக்கமும் நெகிழ்வுமாக. இது நெட்டலை. வேறு வகைதான், ஆனால் யார் எதைத் தீர்மானிப்பது என்ற ஏற்பாடு மாறவில்லை.

தண்ணீரில் ஒலி இன்னும் வேகம். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்ற இரண்டு பேர் இதை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு படகில் தண்ணீருக்குள் மணி தொங்குகிறது. மணியை அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரிகிறது. பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகில் ஒருவர் தண்ணீருக்குள் ஒரு குழாயை இறக்கி அதில் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்க்கிறார். குளிர்ந்த ஏரி நீரில் அவர்களுக்குக் கிடைத்தது விநாடிக்கு 1435 மீட்டர். ஒரு மணி, ஒரு குழாய், ஒரு கடிகாரம். இன்றைய அளவீட்டுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

ஹீலியம் விஷயத்தில் நானே ரொம்ப நாள் தவறாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹீலியத்தை உள்ளிழுத்துப் பேசினால் குரல் வாத்து மாதிரி ஆவதற்கு, ஹீலியத்தில் ஒலி வேகமாகப் போகிறது, அதனால் சுருதி ஏறுகிறது என்பது என் விளக்கம். வேகம் என்பது உண்மைதான், காற்றில் போவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் சுருதியைத் தீர்மானிப்பது குரல்நாண்கள். அவை சதையும் தசையும். அவற்றைச் சுற்றி எந்த வாயு இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் துடிக்கும். மாறுவது தொண்டையும் வாயும் சேர்ந்த அறை எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கிறது என்பது. குரலில் ஏற்கெனவே இருக்கும் மேல் அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கின்றன, நமக்கு அது சுருதி ஏறிய மாதிரி படுகிறது. (செய்து பார்க்காதீர்கள். ஹீலியத்தில் ஆக்சிஜன் கிடையாது, நுரையீரலுக்கு அது வேடிக்கை இல்லை.)

ஓர் ஊடகத்தில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என்ன ஆகும்? மெல்லிய கயிறு ஒன்றைத் தடித்த கயிற்றோடு முடிச்சுப் போட்டு ஆட்டிப் பாருங்கள். தடித்த கயிற்றில் அலை மெதுவாகப் போகும், அலைநீளம் சுருங்கும், ஆனால் அதிர்வெண் இம்மி மாறாது. ஏனென்றால் முடிச்சு ஒன்றுதான். இந்தப் பக்கத்துக்கு விநாடிக்கு மூன்று தடவை, அந்தப் பக்கத்துக்கு இரண்டு தடவை என்று அதனால் ஆட முடியாது. ஒளிக்கும் இதே கதிதான். காற்றில் 650 நானோமீட்டர் அலைநீளம் உள்ள சிவப்பு ஒளி தண்ணீருக்குள் சுமார் 490 ஆகிவிடுகிறது. காற்றில் 490 என்றால் அது நீலப்பச்சை. அப்படியானால் தண்ணீருக்குள் மூழ்கிப் பார்ப்பவருக்குச் சிவப்பு விளக்கு நீலப்பச்சையாகத் தெரிய வேண்டுமே? தெரிவதில்லை. அதிர்வெண் மாறவில்லை. அதைவிட வேடிக்கை, எல்லாருடைய கண்ணுக்குள்ளும் திரவம்தான் நிறைந்திருக்கிறது, வெளியே எங்கே நின்றாலும் சிவப்பு ஒளி விழித்திரையைத் தொடும்போது அந்தச் சுருங்கிய அலைநீளத்தில்தான் தொடுகிறது.

விலகல், அதாவது ஊடகம் மாறும்போது அலை திசை திரும்புவது, அதற்கும் காரணம் இந்த வேக மாற்றம்தான். கடல் அலை எந்தக் கோணத்தில் கிளம்பி வந்தாலும் கரைக்கு வரும்போது ஏறக்குறைய கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? சாய்வாக வரும் அலையின் ஒரு முனை முதலில் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து மெதுவாகிறது, மறுமுனை இன்னும் ஆழத்தில் வேகமாக வந்துகொண்டிருக்கிறது, அதனால் முழு வரியும் வளைகிறது. லென்ஸ் ஒளியை வளைப்பதும் இதே வித்தை.

ஆழம் குறைந்தால் ஏன் மெதுவாக வேண்டும் என்று கேட்டால், இங்கேதான் நான் கட்டிவைத்த அழகான விதி ஆட்டம் காண்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு அலையில், வேகத்தை ஊடகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆழ்கடலில் நீளமான அலை வேகமாகப் போகும், குட்டை அலை மெதுவாகப் போகும். 20 விநாடிக்கு ஒரு முகடு என்று வரும் அலையின் நீளம் சுமார் 620 மீட்டர், முகட்டின் வேகம் விநாடிக்கு 31 மீட்டர். 10 விநாடி அலைக்கு நீளம் 156 மீட்டர், வேகம் முந்தைய அலையின் வேகத்தில் பாதி. என் பதினொன்றாம் வகுப்பு விடை இங்கேயும் தப்புதான், நேர் எதிர்ப்பக்கமாகத் தப்பு: கடலில் அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகம் குறைகிறது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு, எனக்கு மொத்த இயற்பியலிலும் பிடித்த சிக்கல்களில் ஒன்று. ஆழமான குளத்தில் கொஞ்சம் பெரிய கல்லாகப் போட்டு, பரவும் வளையங்களில் ஒரே ஒரு முகட்டை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு தொடருங்கள். அது கூட்டத்தின் பின்னால் பிறக்கும், மற்ற முகடுகளோடு நடுவே வரும், முன்வரிசைக்குப் போகும், அங்கேயே மெலிந்து காணாமல் போகும். பின்னால் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். முகடு போகிற வேகத்தில் பாதிதான் கூட்டத்தின் வேகம். ஆற்றல் கூட்டத்தோடுதான் போகிறது, முகட்டோடு இல்லை. முதல் தடவை இதைப் பார்த்தபோது என் கண்தான் தவறவிடுகிறது என்று நினைத்தேன். மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். சின்னக் கல் போட்டால் சரியாகத் தெரியாது. 1.7 சென்டிமீட்டருக்குக் குறைவான அலைநீளம் உள்ள சிற்றலைகளை ஈர்ப்பைவிடப் பரப்பு இழுவிசைதான் ஆட்டுகிறது, அங்கே எல்லாம் தலைகீழ், குட்டை அலைதான் வேகம்.

தூரத்துப் புயல் கிளப்பிய அலைகள் கரைக்கு வரும்போது இந்தப் பாதி வேகத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். 20 விநாடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர், 10 விநாடிக் கூட்டம் 28. புயல் 2800 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் முதல் கூட்டம் 50 மணி நேரத்தில் வரும், இரண்டாவது 100 மணி நேரத்தில். அதாவது கரையில் நிற்பவருக்கு முதலில் நீளமான, சோம்பேறித்தனமான அலைகள், நாள் ஆக ஆக அவசரமானவை. அந்த இடைவெளியை அளந்தால் புயல் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞரின் குழு 1963-இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளக்கும் இடங்கள் வைத்து, தென்கோடிக் கடலில் பிறந்த அலைகளைப் பசிபிக் முழுக்கத் தொடர்ந்தது.

ஆழத்தைவிட அலைநீளம் மிகப் பெரிதாக இருந்தால் மறுபடி ஊடகத்தின் ஆட்சிக்கு வந்துவிடுகிறோம். சுனாமியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், கடலோ சராசரியாக நாலு கிலோமீட்டர் ஆழம்கூட இல்லை. அந்த அலைக்குக் கடல் ஒரு தட்டு. அப்போது வேகம் ஆழத்தை மட்டுமே பார்க்கும்: 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 710 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36. சிலியில் 1960 மே மாதம் நடந்த நிலநடுக்கத்தின் சுனாமி சுமார் 15 மணி நேரத்தில் ஹவாய்க்கும், சுமார் 22 மணி நேரத்தில் ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தது. நடுக்கடலில் கப்பலில் இருப்பவருக்கு அது அடியில் போவதே தெரியாது. கரைக்கு அருகில் முன்பகுதி மெதுவாகிவிட, பின்பகுதி வந்து நெருக்க, அதிர்வெண் மட்டும் மாறாமல் இருக்க, அலைநீளம் சுருங்கி உயரம் ஏறுகிறது. கயிற்றில் போட்ட முடிச்சு பற்றிச் சொன்னேனே, அதே சங்கதிதான், அளவுதான் பயங்கரம்.

இரண்டு அலைகள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதையும் கயிற்றிலேயே பார்க்கலாம். சந்திக்கும் இடத்தில் கூடும் அல்லது கழியும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அதது தன் வழியில் போகும். சத்தத்தை அடக்கும் ஹெட்ஃபோன் அந்தக் கழித்தலை வைத்துப் பிழைக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தல் ஒளிக்கும் உண்டு என்று நம்ப வைக்க எவ்வளவு சண்டை நடந்தது என்பதற்கு ஒரு கதை. 1818-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் வைத்த போட்டியில் ஃபிரெனெல் என்ற இளம் பொறியாளர், ஒளி ஓர் அலை என்று கணக்கோடு எழுதி அனுப்பினார். நடுவர்களில் ஒருவரான பாய்சானுக்கு அது பிடிக்கவில்லை. இவர் கணக்கை அப்படியே நீட்டினால், வட்டத் தட்டு ஒன்றின் நிழலுக்கு நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி விழ வேண்டும், நிழலுக்குள் வெளிச்சமா, அபத்தம் என்று வாதிட்டார். விளிம்பு முழுவதும் நடுப்புள்ளியில் இருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் எல்லா அலையும் அங்கே ஒரே கட்டத்தில், முகடோடு முகடாக, வந்து கூடும், அதுதான் அவர் கண்டுபிடித்த கணக்கு. இன்னொரு நடுவரான அராகோ பேசிக்கொண்டிருக்காமல் ஒரு சின்னத் தட்டை வைத்துப் பார்த்தார். புள்ளி இருந்தது. இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், அந்தப் புள்ளி இன்றைக்கும் பாய்சான் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. எதிர்த்தவருக்கே கிடைத்த பெருமை.

கதவுக்குப் பின்னால் இருப்பவர் குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை என்பதும் அளவு சம்பந்தப்பட்டதுதான். நம் காதுக்கு எட்டும் ஒலிகளின் அலைநீளம் 17 மீட்டரில் இருந்து 17 மில்லிமீட்டர் வரை, பேச்சொலி கதவின் அகலத்தோடு ஒப்பிடும்படி இருக்கிறது, விளிம்பில் தாராளமாக வளைந்து வருகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில். அதுவும் வளைகிறது, நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை.

டாப்ளர் விளைவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், அதிர்வெண் மூலத்துக்குச் சொந்தம் என்றாயே, பக்கத்தில் வரும் ரயிலின் ஹாரன் ஏன் உசந்து கேட்கிறது என்று யாராவது பிடிப்பார்கள். நியாயமான கேள்வி. ஹாரன் 400 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 400 அதிர்வு, ரயில் விநாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நின்றிருந்தால் அலைநீளம் சுமார் 86 சென்டிமீட்டர். ஒரு முகட்டை விட்டு அடுத்ததை விடுவதற்குள் ரயில் 5 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடுகிறது, அதனால் முகடுகளுக்கு நடுவே 81 தான் மிஞ்சும். காற்றில் வேகம் அதே 343. 81 சென்டிமீட்டர் இடைவெளியில் வரும் முகடுகள் காதைத் தொடுவது விநாடிக்குச் சுமார் 425. ரயில் ஓட்டுநருக்கு அது இன்னும் 400 தான். டாப்ளர் என்ற இயற்பியலாளர் இதை 1842-இல் எழுதினார். 1845-இல் பாய்ஸ் பாலட் என்ற டச்சுக்காரர், ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சுருதி தெரிந்தவர்களை நிற்க வைத்து, இதைச் சோதித்தார். அன்றைக்குக் கருவி என்றால் காதுதான்.

சரி, மாடிக்கு வருகிறேன். அன்றைக்குக் கடைசியாகச் செய்தது இது. ஓர் உதறல் மூன்று தடவை போய்த் திரும்புவதை வீடியோவில் பார்த்து நேரம் எடுத்தேன்: 2.4 விநாடி. ஒரு தடவைக்கு 0.8 விநாடி, 16 மீட்டர். வேகம் விநாடிக்கு 20 மீட்டர். அப்புறம் கையை நிறுத்தாமல் ஆட்டத் தொடங்கினேன். கண்டபடி ஆட்டினால் கயிறு கன்னாபின்னாவென்று குழம்புகிறது, போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றை ஒன்று கலைக்கின்றன. ஆனால் 0.8 விநாடிக்கு ஒரு தடவை என்ற கணக்கில் ஆட்டியபோது, அதாவது 1.25 ஹெர்ட்ஸில், கயிறு சட்டென்று ஒழுங்குக்கு வந்து ஒரே பெரிய வில்லாக மேலும் கீழும் ஆடியது. என் கை இத்தனைக்கும் ஒரு சாண்கூட அசையவில்லை. ஒவ்வொரு அலையும் திரும்பி வரும் நேரத்தில் அடுத்த தள்ளல் கிடைக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை கைக்குச் சொந்தம் என்று இத்தனை நேரம் சொன்னேன், ஆனால் இரண்டு முனையும் கட்டிய கயிறு எல்லா எண்ணிக்கையையும் ஏற்றுக்கொள்வதில்லை. 1.25, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, இவை மட்டும் உள்ளே போகும். வீணையின் தந்தியும் புல்லாங்குழலுக்குள் இருக்கும் காற்றும் தங்கள் சுருதியை இப்படித்தான் பொறுக்கி எடுக்கின்றன. அதாவது நான் மூலம் மூலம் என்று சொன்னதே பல இடங்களில் சிறைப்பட்ட இன்னோர் அலைதான்.

கையை இரட்டிப்பு வேகத்தில் ஆட்டினேன், 2.5 ஹெர்ட்ஸ். கயிறு இரண்டு வில்லாகப் பிரிந்தது. ஒரு பாதி மேலே இருக்கும்போது மறுபாதி கீழே. நடுவில் மாட்டிய கிளிப் மட்டும், இரண்டு பக்கமும் அத்தனை ஆட்டத்துக்கு நடுவில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது.